‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் வைத்துக்கொண்ட கோபம்

கேள்வி: எனக்கு 41 வயது. அமைதியான ஆள் என்றுதான் எனக்குப் பெயர். இரண்டு வருடமாக வீட்டில் சின்ன விஷயத்துக்கும் கத்திவிடுகிறேன். போன வாரம் என் 9 வயது மகன் லேப்டாப் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டான். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்குள் கத்தி, கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஐந்து நிமிடத்தில் வெட்கமாகிவிடுகிறது. அண்ணன் ‘இது நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை போடு’ என்கிறார். மனைவியோ, ‘நரம்பு மேல் பழியைப் போடாதீர்கள், மேனேஜரிடம் ஒரு நாளாவது இப்படிக் கத்தியிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறாள். என் அப்பாவும் இப்படித்தான். ஷிப்ட் மாறியதிலிருந்து 5 மணி நேரம்தான் தூக்கம், மீதியைக் காபி பார்த்துக்கொள்கிறது. இது நரம்புக் கோளாறா, என் குணமா? மாற்ற முடியுமா? இப்போதெல்லாம் நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மகன் எழுந்து தன் அறைக்குப் போய்விடுகிறான்.

பதில்: உங்கள் மனைவி கேட்ட கேள்வியை நான் இரண்டு முறை படித்தேன். நரம்பியல் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அண்ணன் சொன்னதைப் பார்த்துவிடலாம்.

25 வருடமாக நரம்பியல் மருத்துவராக இருக்கிறேன். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு சீட்டில்கூட நான் நோயின் பெயராக எழுதியதில்லை. ஆனால் அந்த வார்த்தையோடு யாராவது உள்ளே வராத நாள் இல்லை. பதற்றம், தூக்கமின்மை, தைராய்டு, வயதானவர்களின் கை நடுக்கம், வைட்டமின் பி12 குறைவு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துப் பிரச்சினைகளுக்கு ஒரே பெயர். உண்மையிலேயே நரம்பு தளர்ந்தால் எப்படித் தெரியும் தெரியுமா? பாதம் மரத்துப்போகும். காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நாலடி நடந்திருப்பார்கள். சட்டைப் பட்டன் போட விரல் ஒத்துழைக்காது. கோபம் அந்தப் பட்டியலில் கிடையாது. அன்று இரவு உங்கள் நரம்புகள் தளரவில்லை. முழு வேகத்தில், துளி பிசகாமல் வேலை செய்தன. சிக்கலே அதுதான்.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கோபம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு செல்லுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல் கழித்தல். சும்மா இருக்கும்போது அதன் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். ஆயிரக்கணக்கான மற்ற செல்களிலிருந்து ‘கிளம்பு’, ‘பொறு’ என்று இரண்டு வகைச் செய்தியும் வந்துகொண்டே இருக்கும். கூட்டிக் கழித்து, அந்த மைனஸ் 70 மைனஸ் 55 வரை வந்துவிட்டால் வாசல் திறந்து சோடியம் உள்ளே பாயும். செல் ஒரு துடிப்பை அனுப்பும். எல்லாம் ஒரு மில்லி விநாடியில் முடிந்துவிடும். அரைத் துடிப்பு என்று ஒன்று இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் இல்லை. 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவாய் மீனின் தடித்த நரம்பு இழை ஒன்றை வைத்து இந்தக் கணக்கைச் சமன்பாடாகவே எழுதினார்கள். அதற்கு 1963-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஒரு செல்லில் நடப்பதை அப்படியே ஒரு மனிதனுக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: துடிப்பைக் கிளப்பியது கடைசியாக வந்த ஒரு செய்தி அல்ல, அதற்கு முன்பே சேர்ந்திருந்த மொத்தம். கொட்டிய தண்ணீரும் அப்படித்தான்.

சரி, அந்த ஒரு விநாடிக்கு வருவோம். தண்ணீர் சரிவதைக் கண் பார்க்கிறது. மூளையின் அடியில், காதுக்கு நேர் உள்ளே, பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. இது பயத்துக்கான பகுதி, கோபத்துக்கான பகுதி என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். ‘இது எனக்கு முக்கியம், கவனி’ என்று கொடி காட்டுவதுதான் அதன் வேலை. விஷயம் முழுசாகப் புரிவதற்கு முன்பே அது கொடியைக் காட்டிவிடும். உடனே ஹைப்போதாலமஸ் என்ற மூளைப் பகுதி வழியாக முதுகுத்தண்டில் இறங்கும், உடம்பை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் இதயத்தைத் தட்டுகின்றன. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. படபடப்பு அதனால்தான். கை நடுங்கியதும் அதனால்தான், ஏனென்றால் அட்ரினலின் தசையையும் நேராகப் போய்த் தொடும். அண்ணன் அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் தளர்ச்சி என்றிருப்பார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இதையெல்லாம் பார்த்து ‘இரு, அவன் வேண்டுமென்று செய்யவில்லை’ என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அது மெதுவானது. சூழ்நிலை, போன முறை நடந்தது, நாளைக்கு என்ன ஆகும் என்று நாலையும் பார்த்துவிட்டுத்தான் பேசும். அது வாயைத் திறப்பதற்குள் டம்ளர் சுவரில்.

முன்மூளை என்றதும் பாடப்புத்தகங்கள் எல்லாம் ஃபினியஸ் கேஜின் கதையைச் சொல்லும். 1848 செப்டம்பரில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, ஆறு கிலோ இரும்புக் கம்பி ஒன்று அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் முரடராகிவிட்டார், ‘இவர் பழைய கேஜ் இல்லை’ என்று நண்பர்களே சொன்னார்கள். பெரும்பாலும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். மீதியைத்தான் நான் நோயாளிகளிடம் சொல்வேன். அதே கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். நேரம் தவறாமல், பயணிகளோடு, பல குதிரைகளைக் கட்டி மேய்க்கும் வேலை. முன்மூளையில் ஓட்டை விழுந்த மனிதரே அவ்வளவு தூரம் திரும்பி வர முடிந்தது. உங்கள் முன்மூளையில் ஓட்டை எதுவும் இல்லை, தூக்கம்தான் இல்லை.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 2007-ல் வந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டினார்கள். நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலாவின் கொந்தளிப்பு 60 சதவீதம் அதிகமாக இருந்தது. அதோடு, அமிக்டலாவுக்கும் முன்மூளைக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேச்சுவார்த்தையும் பலவீனமாகிவிட்டது. கொடி பெரிதாகிறது, அதை இறக்கச் சொல்லும் குரல் சிறிதாகிறது. உங்களுக்கு ஓர் இரவு அல்ல, இரண்டு வருடம். நீங்கள் மாறிப்போனதாகச் சொல்லும் காலமும் அதே இரண்டு வருடம்தான். காபி தூக்கத்தின் கடனை அடைப்பதில்லை. அசதியை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்து, செய்தியை மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. எல்லாம் நரம்பு என்றால், மேனேஜரைக் கண்டதும் மட்டும் அதே நரம்பு எப்படி அடங்குகிறது?

ஏனென்றால் நரம்பு மண்டலம் இடம் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அங்கே கத்தினால் வேலை போகும் என்று அதற்குத் தெரியும். வீட்டில் கத்தினால் என்ன ஆகிறது? யோசித்துப் பாருங்கள். சத்தம் நிற்கிறது. வாக்குவாதம் நிற்கிறது. குழந்தை ஓடுகிறான், மனைவி மௌனமாகிறார், இரண்டு விநாடியில் வீடே அமைதி. வெட்கம் வருவது ஐந்து நிமிடம் கழித்து. மூளையின் கணக்கில் முதலில் வருவதற்குத்தான் மதிப்பு அதிகம். தொல்லை நின்றுபோவதும் அதற்கு ஒருவகைப் பரிசு. பரிசு கிடைத்த செயலுக்குக் காரணமான இணைப்புகள் அடுத்த முறைக்குக் கொஞ்சம் வலுவாகும். 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்ததும் அவை துடித்தன. பழகிய பிறகு, சாறு வரப்போவதைச் சொல்லும் விளக்கு எரிந்தாலே துடித்தன. டோபமைனை இன்ப வேதிப்பொருள் என்பார்கள். அதைவிட, ‘இதைக் குறித்து வைத்துக்கொள்’ என்று சொல்கிற வேதிப்பொருள் என்பேன் நான். இரண்டு வருடமாக உங்கள் மூளை குறித்து வைத்துக்கொண்டது: கத்தினால் அடங்கும்.

ஆக, அண்ணனும் பாதி சரி, மனைவியும் பாதி சரி. இரண்டில் எது என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் மனைவி பக்கம்தான் சாய்வேன். கோபத்துக்கு நரம்பு காரணம் என்பது, நடப்பதற்குக் கால் காரணம் என்பதைப் போல. உண்மைதான், ஆனால் எங்கே போனாய் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

இன்னொரு விஷயம். ஒரு கடல் நத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்ளீசியா என்று பெயர். அதன் நரம்பு மண்டலத்தில் மொத்தமே 20,000 செல்கள்தான், சில செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. எரிக் காண்டல் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகளை அதோடு கழித்தார். அதன் குழாய் போன்ற உறுப்பை லேசாகத் தொட்டால் செவுளைச் சுருக்கிக்கொள்ளும். தொடுவதால் ஒன்றும் ஆவதில்லை என்று தெரிந்தால் சுருக்குவதைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் வாலில் ஒரு மின்அதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால், அதே லேசான தொடுதலுக்குப் படாரென்று சுருங்கும். ஒரு தடவை அதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடம் இப்படி இருக்கும். சில நாட்கள் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வாரக்கணக்கில் நீடிக்கும். காண்டலின் குழு உள்ளே பார்த்தபோது, குறுகிய கால மாற்றத்தில் செல்லிலிருந்து வெளிவரும் வேதிப்பொருளின் அளவுதான் கூடியிருந்தது. நீண்ட கால மாற்றத்தில் செல்களுக்கு நடுவே புதிய இணைப்புகளே முளைத்திருந்தன. நடந்த விஷயம் உடம்பாகவே மாறிவிட்டது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நத்தைக்குக் கோபம் உண்டா என்று கேட்காதீர்கள். அதிர்ச்சியில் பழகிய நரம்பு மண்டலம் லேசான தொடுதலையும் அதிர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் விஷயம். அப்பாவின் கோபத்துக்கு நடுவில் வளர்ந்த பையனுக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கும். மரபணுவுக்கும் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கோபத்துக்கென்று ஒரு மரபணு கிடையாது. ‘அப்பாவும் இப்படித்தான்’ என்பது தீர்ப்பும் கிடையாது. முளைத்த இணைப்பு பயன்படாவிட்டால் வலுவிழக்கும் என்பதையும் அதே நத்தைதான் காட்டியது.

என்ன செய்வது? முதல் வேலை தூக்கம். ஷிப்டை மாற்றக் கேளுங்கள். முடியாது என்றால் 7 மணி நேரம் எந்த நேரத்தில் கிடைக்குமோ அப்போது அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், அதற்கு முந்தைய 8 மணி நேரம் காபி வேண்டாம். மற்றது எதையும் செய்யாமல் இதை மட்டும் ஆறு வாரம் செய்தாலே கடிதத்தில் பாதி காணாமல் போகும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மூச்சு. எல்லோரும் சொல்வதுதானே என்று தள்ளிவிடாதீர்கள், அதன் பின்னணியைச் சொல்கிறேன். உங்கள் இதயத்தை நரம்புகளின் பிடியே இல்லாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது 70 என்று இருக்கிறதே, அது வேகஸ் என்ற நரம்பு சதா பிரேக்கில் கால் வைத்திருப்பதால். அந்த நரம்பு இதயத்தோடு எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஓட்டோ லோவி என்ற ஆய்வாளருக்கு ஒரு நாள் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. (எங்கள் தொழிலில் இது புதிதல்ல.) அடுத்த இரவும் அதே கனவு. இந்த முறை எழுதி வைக்கவில்லை, நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அது மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து, எந்த நரம்பும் தொடாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைக் கொண்டு பேசுகிறது என்று 1921-ல் தெரிந்தது இப்படித்தான்.

அந்த பிரேக்கை நேராக அழுத்த நம்மால் முடியாது. ஆனால் மூச்சை வெளியே விடும்போது அது தானாக அழுந்தும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள்: இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கோபம் வந்தபின் முதன்முறையாகச் செய்து பார்த்தால் எரிச்சல்தான் கூடும். தினமும் சும்மா இருக்கும்போது பத்து நிமிடம் செய்து பழகியிருந்தால்தான் வேண்டிய நேரத்தில் கை கொடுக்கும்.

கோபம் ஏறுகிறபோது ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்று வாய்விட்டுச் சொல்வதும் வேலை செய்யும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அமிக்டலாவின் ஆட்டம் குறைவதை மூளைப் படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், குறைந்தது அரை மணி நேரம். ஐந்து நிமிடத்தில் மனது வெட்கப்படலாம், ஆனால் அட்ரினலினுக்குப் பின்னால் கிளம்பும் கார்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் சமாதானம் பேச உட்கார்ந்தால் இரண்டாவது சண்டை வரும். உங்கள் வீட்டில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். 2002-ல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள்தான் கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, பி12, சர்க்கரை. நடுக்கம், படபடப்பு, எரிச்சல் மூன்றையும் தைராய்டு ஒன்றே கொண்டுவரும், எடை குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். பி12 குறைவாக இருந்தால் போடத்தான் வேண்டும். குறைவில்லாமல் ‘நரம்புச் சத்து’ என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பி6-ஐ அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். வலிப்புக்கான லெவடிரசிட்டாம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் சிலரை எரிச்சல்காரர்களாக்கும். ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ, நினைவு தப்பும் நிமிடங்கள் இருந்தாலோ என்னைப் போன்ற ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்து ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். கோபத்துக்கென்று பயிற்சி முறைகள் இருக்கின்றன, பலன் தருகின்றன. கை யார் மேலாவது பட்டிருந்தால், பட்டுவிடுமோ என்ற பயம் வந்தால், ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.

கடைசியாக உங்கள் மகன். கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து போகிறான் என்றால், அந்த 9 வயது மூளையும் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ஏன் பயப்படுகிறாய், அப்பா ஒன்றும் செய்ய மாட்டேன்’ என்று அவனிடம் கேட்காதீர்கள். அவன் முடிவெடுத்துப் பயப்படவில்லை, அவனிடம் பதிலும் இருக்காது. டம்ளருக்காக ஒரு தடவை, காரணம் எதுவும் சொல்லாமல், தவறு என்னுடையது என்று சொல்லுங்கள். அப்புறம் செய்ய வேண்டியது வெறும் கதவைத் திறப்பதுதான். கதவு திறக்கிறது, எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் திறக்கிறது, எதுவும் நடக்கவில்லை. பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை. ‘கதவு திறந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்ற புதிய பாடம் அதன் மேல் படிந்து அதை அடக்கி வைக்கும். அது படிய எத்தனையோ சாதாரண மாலைகள் வேண்டும். நடுவில் ஒரு நாள் நீங்கள் கத்திவிட்டால் பழையது சட்டென்று மேலே வரும். அப்போது இத்தனை நாள் வீணாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது முறை புதிய பாடம் முதல் முறையைவிடச் சீக்கிரம் படியும்.

தைராய்டு ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று தினமும் ஒரு தாளில் குறித்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள். கணக்கை உங்கள் மனைவி எழுதினால் நான் கூடுதலாக நம்புவேன்.